ரேஷன் காலத்துப் பாட்டும் கொத்தமங்கலம் சுப்புவும்

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளைப் பங்கு பிரிக்கும்போதும் இடிக்கும்போதும் வெளியே வருகிற பொருள்கள் அங்கே வந்து சேர்கின்றன. தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம். கிராமபோன் பெட்டியும் உண்டு. அதன் பித்தளைக் குழலைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வாசலில் வைத்திருப்பார்கள். ஹோட்டல்காரர்கள் அலங்காரத்துக்கு வாங்கிப் போகிறார்கள். பெட்டியோடு வந்த தட்டுகள் உள்ளே ஒரு மூலையில் கிடக்கும். போட்டுக் கேட்டு வாங்குகிறவர் அபூர்வம். தட்டில் என்ன பாட்டு இருக்கிறது என்பதற்கும் அதன் விலைக்கும் சம்பந்தம் இல்லை.

நம் இலக்கிய விமர்சனத்துக்கும் அந்தத் தட்டுகளுக்கும் உள்ள உறவு ஏறக்குறைய அந்த ஹோட்டல்காரருடையதுதான். கிராமபோன் காலம் என்று ஏக்கத்தோடு சொல்கிறோம். கிட்டப்பா, சுந்தராம்பாள், பாகவதர் என்று நாலு பெயர்களை அடுக்குகிறோம். குரலைப் பற்றிப் பேசுகிறோம். அந்தக் குரல்களுக்கு வார்த்தை எழுதிக் கொடுத்தவர்களைப் பற்றி, அந்த வார்த்தைகளில் அந்தக் காலத்து வயிறு என்ன சொல்லிற்று என்பதைப் பற்றி, நாம் யோசித்ததாகத் தெரியவில்லை. அப்படி யோசிக்காமல் விட்டவர்களில் முக்கியமானவராக எனக்குப் படுகிறவர், இந்தச் சீமையின் ஊர்ப்பெயரையே தன் பெயரில் சுமந்த கொத்தமங்கலம் சுப்பு.

1947இல் வெளிவந்த இரண்டு தமிழ்ப் படங்களை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று ‘நாம் இருவர்’. காரைக்குடிக்காரரான ஏவி. மெய்யப்பன் சொந்த ஊர்ப் பக்கம் வந்து தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். அங்கே எடுத்த படம் இது. 1947 ஜனவரியில், சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்னால் வந்தது. பாரதியின் பாட்டுகளை டி. கே. பட்டம்மாள் பாடினார், குமாரி கமலா ஆடினார். விடுதலை இன்னும் கைக்கு வராத நிலையில், அது வந்துவிட்டதாகவே கொண்டாடுகிற பாட்டு. ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். பாட்டுகள் தட்டுகளாக வீடு வீடாகப் போயின. அந்தப் படம் தந்த பலத்தோடுதான் மெய்யப்பன் 1948இல் கோடம்பாக்கம் போனார் என்று சொல்லலாம்.

மற்றது ‘மிஸ் மாலினி’. எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ எடுத்தது. 1947 செப்டம்பர் 26இல், சுதந்திரம் வந்த ஆறாவது வாரத்தில் வெளியாயிற்று. கதை ஆர். கே. நாராயணுடையது. புஷ்பவல்லி மாலினியாக நடித்தார். இசை எஸ். ராஜேஸ்வர ராவும் பரூர் எஸ். அனந்தராமனும். படத்தை இயக்கியவர், பாட்டுகளை எழுதியவர், சம்பத் என்ற வாய்ச்சாலக்காரனாக நடித்தவர் மூவரும் ஒரே ஆள், கொத்தமங்கலம் சுப்பு. மேடை நடிகை ஒருத்தி சினிமாவுக்கு வந்து புகழ் பெற்று, சம்பத்தின் பேச்சை நம்பிச் சொந்தக் கம்பெனி ஆரம்பித்துக் கடனில் முழுகுவது கதை. ஜெமினி கணேசன் சின்ன வேஷத்தில் தலைகாட்டிய முதல் படமும் இதுதான். பத்திரிகைகள் மெச்சின. வசூல் இல்லை. பிற்பாடு நாராயண் இதே சரக்கை 1949இல் ‘மிஸ்டர் சம்பத்’ நாவலாக எழுதினார். வாசன் 1952இல் மோதிலாலையும் பத்மினியையும் வைத்து இந்தியில் எடுத்தார். தமிழ்ப் படத்தின் பிரதி இன்று இல்லை. மிஞ்சியவை சில நிழற்படங்களும் பாட்டுகளும்தாம்.

படம் அழிந்து பாட்டு மட்டும் பிழைத்திருப்பது ஒரு விதத்தில் நமக்கு லாபம். முகம் இல்லை, ஜோடனை இல்லை, கதையின் நிர்ப்பந்தம் இல்லை. மூன்று நிமிஷப் பாட்டைப் பாட்டாகவே கேட்கவேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்கும்போது தெரிகிற விஷயம் இது: சுதந்திரம் வந்து ஆறே வாரமான ஒரு தேசத்தில், ஒருவர் காலையில் எழுந்தால் அடுப்பு எரிக்க விறகோடு மல்லுக்கட்ட வேண்டியிருப்பதையும், சர்க்கரை இல்லாத காப்பியையும், ரேஷன் கடை வாசலையும், மயிலாப்பூர் வக்கீல் வீட்டையும் பாட்டில் வைத்திருக்கிறார். சுதந்திர தேவியைக் காணோம். அவர் எழுதியது பட்டணத்துக் குடித்தனக்காரனின் காலைப்பொழுது.

‘நாம் இருவர்’ பாட்டை நாம் சரித்திரம் என்று ஏற்றுக்கொண்டோம். ‘மிஸ் மாலினி’ பாட்டை ஹாஸ்யம் என்று ஒதுக்கினோம். எனக்கு இரண்டும் சரித்திரமாகவே படுகின்றன. ஒன்று 1947 எதை விரும்பிற்று என்று சொல்கிறது. மற்றது 1947 எதைத் தின்றது என்று சொல்கிறது.

ரேஷன் என்பதை இன்று ஒரு அட்டையாக மட்டும் அறிந்தவர்களுக்கு அந்தப் பாட்டின் உறைப்பு முழுதாகப் புரியாது. சென்னை ராஜதானி தனக்கு வேண்டிய அரிசியைத் தானே விளைவித்துக்கொண்ட பிரதேசம் அல்ல. யுத்தத்துக்கு முன் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி வந்தது. அந்த அரிசிக்கும் இந்தச் செட்டிநாட்டுக்கும் உள்ள சம்பந்தம் ஊரறிந்தது. ஐராவதி முகத்துவாரக் காடுகளைத் திருத்தி வயலாக்கக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் நெல்நிலத்தில் நாலில் ஒரு பங்கு அவர்கள் கைக்கே வந்து சேர்ந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. லட்சக்கணக்கானவர்கள் அராக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே திரும்பினார்கள். வழியில் செத்தவர்கள் கணக்கில் இல்லை. அந்த அரிசியும் நின்றது. 1943இல் சென்னை நகரத்தில் ரேஷன் வந்தது. யுத்தம் முடிந்தும் அது போகவில்லை. 1947 முடிவில் மத்திய சர்க்கார் கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பார்த்து, விலை ஏறவே 1948இல் மறுபடி இறுக்கிற்று. 1952 ஜூனில் ராஜாஜி சென்னை ராஜ்யத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுக்கும்வரை ஏறத்தாழ ஒன்பது வருஷம் இந்த ஊர் அளந்து தின்றது.

இந்த ஒன்பது வருஷத்தைப் பற்றி நம் நவீனக் கவிதையில் எத்தனை வரி இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். சிறுகதையில் கொஞ்சம் உண்டு. கவிதையில் அநேகமாக இல்லை. நம் கவிஞர்கள் அப்போது காதலையும் ஆத்மாவையும் தேசத்தையும் பாடிக்கொண்டிருந்தார்கள். விறகும் சர்க்கரையும் பாட்டுக்குள் வந்தது சினிமாவில், அதுவும் தோற்றுப்போன ஒரு படத்தில்.

சுப்பு 1910இல் பிறந்தவர். பெரிய படிப்பு இல்லை. செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்தில் ஒரு மரக்கடையில் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். அங்கேதான் நாடகப் பழக்கம் ஏற்பட்டு, அந்த ஊர்ப்பெயரோடு சினிமாவுக்குப் போனார். பர்மாத் தேக்கு வந்து இறங்கிய சீமையில் மரக்கடைக் கணக்கு எழுதியவர், பர்மா விழுந்ததன் விளைவைப் பாட்டாக எழுதினார் என்பது தற்செயல்தான். ஆனால் 1945இல் அவர் இயக்கிய ‘கண்ணம்மா என் காதலி’யும் பர்மா யுத்தத்தைப் பின்னணியாகக் கொண்ட படம் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, அந்த இழப்பு அவருக்குப் பத்திரிகைச் செய்தியாக மட்டும் இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பாட்டுகளின் உருவம் பட்டியல் உருவம். ஒரு சாமான், அடுத்த சாமான், அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் இல்லை, அல்லது குறைவு, அல்லது விலை கூடுதல். உவமை தேடி நிற்பதில்லை. உருப்படிகள் அடுக்கப்பட அடுக்கப்படச் சிரிப்பும் கூடுகிறது, எரிச்சலும் கூடுகிறது. பேரேட்டைப் பாட்டாக்கிய மாதிரி. பாபநாசம் சிவன் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டு பெரும்பாலும் கீர்த்தனையின் நிழலில் நின்றது. பல்லவி ஒரு பாவத்தைச் சொல்லும். சரணம் அதையே இன்னும் உருக்கிச் சொல்லும். சுப்புவின் பாட்டில் பாவம் வளர்வதில்லை, விவரம் வளர்கிறது. இது வேறு ஜாதிப் பாட்டு.

அந்த ஜாதியைப் புரிந்துகொள்ள நான் கடல் தாண்டி ஒரு உதாரணத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. உள்ளூரில் எனக்கு இவ்வளவு பொருத்தமான துணை கிடைக்கவில்லை.

லூயி ஜோர்டன் என்ற கறுப்பினப் பாடகர் 1908இல் அமெரிக்காவின் அர்கன்சா மாகாணத்தில் பிறந்து 1975 பிப்ரவரியில் இறந்தார். சுப்பு 1910இல் பிறந்து 1974 பிப்ரவரியில் இறந்தார். ஏறக்குறைய ஒரே ஆயுள். ஜோர்டன் ஸாக்ஸபோன் வாசித்தார், பாடினார், எழுதினார். டிம்பனி ஃபைவ் என்ற சின்னக் குழுவை வைத்துக்கொண்டு, பெரிய ஜாஸ் வாத்தியக் கோஷ்டிகளின் ஆடம்பரத்தை உதறிவிட்டு, துள்ளும் தாளத்தில் கதை சொன்னார். அமெரிக்காவிலும் யுத்த காலத்தில் சர்க்கரை, மாமிசம், பெட்ரோல் எல்லாம் ரேஷன். 1943இல் அவர் ‘ரேஷன் ப்ளூஸ்’ என்று ஒரு தட்டு கொடுத்தார். தட்டுப்பாட்டைச் சொல்கிற சாக்கில் இன்பத் தட்டுப்பாட்டையும் சேர்த்துச் சொல்கிற குறும்புப் பாட்டு. கறுப்பின மக்கள் வாங்குகிற தட்டுகளுக்கு ‘பில்போர்ட்’ பத்திரிகை அப்போது தனிப் பட்டியல் போட்டது. முதலில் ஹார்லெம் பெயரில். 1945 முதல் ‘ரேஸ்’ தட்டுகள், அதாவது இனத் தட்டுகள் என்ற பெயரில். 1949 ஜூனில் அந்தப் பத்திரிகையின் ஜெர்ரி வெக்ஸ்லர் சொன்ன பெயர் வைக்கப்பட்டது: ரிதம் அண்ட் ப்ளூஸ். பெயர் வருமுன்பே ஜோர்டன் அந்த வகையின் ராஜாவாக இருந்தார். அதே 1949இல் அவர் கொடுத்த ‘ஸாட்டர்டே நைட் ஃபிஷ் ஃப்ரை’ ஒரு தட்டின் இரண்டு பக்கமும் ஓடுகிற நீளமான பாட்டு. நியூ ஆர்லியன்ஸில் ஒரு சனிக்கிழமை விருந்து, நடுவில் போலீஸ் வந்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு போவது, அவ்வளவுதான் விஷயம். ஒரு சிறுகதைக்காரனின் கண் அதில் இருக்கிறது.

ஜோர்டனுக்கும் நேர்ந்தது அலட்சியம்தான். ஜாஸ் ரஸிகர்கள் அவரைக் கோமாளி என்றார்கள். ப்ளூஸைப் புனிதமாக நினைத்தவர்கள், துயரம் போதவில்லை என்றார்கள். 1950களில் அவருடைய தாளத்தை எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரப் பையன்கள் ராக் அண்ட் ரோல் என்று உலகை ஆட்டியபோது அவர் டெக்கா கம்பெனியை விட்டு வெளியே இருந்தார். தன் கிதார் ஜோர்டனிடம் கற்றதைச் சக் பெரி வாய்விட்டுச் சொன்னார். உலகம் மெதுவாகத்தான் கேட்டது. 1987இல், இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, ராக் அண்ட் ரோல் கீர்த்தி மண்டபத்தில் அவருக்கு ‘ஆரம்ப காலப் பாதிப்பு’ என்ற வகையில் இடம் கொடுத்தார்கள்.

பாட்டின் உரிமையிலும் ஒரு கூத்து உண்டு. 1945இன் ‘கால்டோனியா’ உள்பட சில பாட்டுகளை அவர் வேறொரு பதிப்பாளரோடு இருந்த ஒப்பந்தத்தைத் தாண்டுவதற்காகத் தன் மனைவி ஃப்ளீஸி மூர் பெயரில் போட்டார். பிறகு விவாகரத்து ஆயிற்று. பாட்டுகள் அந்த அம்மாள் பெயரிலேயே தங்கிவிட்டன. ஆக, அந்தத் தட்டுகளில் பாடுகிறவன் அவன். எழுதியவன் என்று எழுதியிருப்பது அவன் பெயர் இல்லை.

சுப்பு லூயி ஜோர்டனைக் கேட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஆதாரமும் தேவையில்லை. ஒரே யுத்தம், ஒரே தட்டுப்பாடு, ஒரே மூன்று நிமிஷத் தட்டு. இரண்டு ஊர்களில் இரண்டு பேர், மேல்தட்டுச் சங்கீதத்தின் கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பேசுகிற பேச்சையே பாட்டின் முதுகெலும்பாக்கினார்கள். இரண்டு பேரும் சிரிக்க வைத்தார்கள். இரண்டு பேரையும் சிரித்த காரணத்துக்காகவே விமர்சகர்கள் கைவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். துயரத்தை நேரே சொன்னால் கேட்கிறவன் பரிதாபப்படுவான். பரிதாபப்படுகிறவன் விலகி நிற்கிறவன். ரேஷன் வரிசையில் நிற்பவன் வரிசையைப் பற்றிச் சிரிக்கும்போது கேட்கிறவனும் வரிசையில் சேர்ந்துவிடுகிறான். வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஆமா’ போடுகிறவன் செய்கிற வேலை இதுதான். அவன் கூட்டத்தின் பிரதிநிதி. ஜோர்டனின் தட்டுகளிலும் குழுவினர் குரல் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள், அவர் பதில் சொல்வார். பாட்டு ஒருவனுடைய முறையீடாக இல்லாமல் ஒரு தெருவின் பேச்சாக மாறுகிறது.

வில்லுப்பாட்டை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. சுப்பு பிற்பாடு தாமே வில்லிசைக்காரர் ஆனார். ‘காந்தி மகான் கதை’யை ஆனந்த விகடனில் நாட்டுப் பாடல் மெட்டுகளில் எழுதினார், வில்லில் வைத்துப் பாடினார். வில்லுப்பாட்டு தெற்கே திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் சுடலைக்கும் முத்தாரம்மனுக்கும் பாடுகிற கலை. வில், உடுக்கை, குடம், தாளம், கட்டை. பாடப் பாட சாமி வரவேண்டும். சுப்பு அந்தப் பரம்பரையில் வந்தவர் இல்லை. அவர் அதைக் கற்று எடுத்துக்கொண்டவர். சுடலையின் இடத்தில் காந்தியை வைத்தார். இதை நாட்டார் கலைக்காரர்கள் கலப்படம் என்பார்கள். எனக்கு இது ஒரு நவீனக் கலைஞன் செய்கிற காரியமாகவே படுகிறது. கிடைத்த உருவத்தை அதன் சடங்கிலிருந்து பிரித்து வேறொரு காரியத்துக்குப் பிரக்ஞைபூர்வமாகப் பயன்படுத்துவது. எலியட் மியூசிக் ஹால் பாடகி மேரி லாயிட் இறந்தபோது கட்டுரை எழுதி, அவளுக்கும் அவளுடைய ஜனங்களுக்கும் இருந்த உறவைக் கவனிக்கச் சொன்னார். அந்தக் கட்டுரையை ஆங்கிலத்தில் படித்துத் தலையாட்டிய நாம், நம் ஊர் வில்லுக்காரரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காந்தி என்றதும் ஒரு விஷயம். 1947இன் கடைசி மாதங்களில் காந்தி தம் பிரார்த்தனைக் கூட்டங்களில் உணவுக் கட்டுப்பாட்டை எடுக்கச் சொல்லிப் பேசிவந்தார். கட்டுப்பாடு கள்ளத்தனத்தை வளர்க்கிறது என்பது அவர் கட்சி. அதே மாதங்களில் சென்னைத் தியேட்டர்களில் சுப்புவின் ரேஷன் பாட்டு. பிறகு காந்தியின் கதையைப் பாட்டாக எழுதியவரும் அதே சுப்பு. இரண்டையும் ஹாஸ்யம் ஒரு பக்கம், பக்தி ஒரு பக்கம் என்று பிரித்து வைக்காமல், சாதாரண ஜனங்களின் அன்றாடத்தில் அக்கறை கொண்ட ஒருவரின் இரண்டு வேலைகளாகப் பார்ப்பதே நியாயம்.

சரி, ஏன் மறந்தோம்? சுப்புவை யாரும் ஒரேயடியாக மறக்கவில்லை. ஒவ்வொருவரும் அவரை அடுத்தவருடைய இலாகாவுக்கு அனுப்பினார்கள். சினிமாக்காரர்களுக்கு அவர் ‘ஔவையார்’ எடுத்த டைரக்டர், ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் வைஜயந்திமாலாவும் பத்மினியும் போட்டி போட்டு ஆடிய பாட்டை எழுதியவர். பத்திரிகை வாசகர்களுக்கு அவர் கலைமணி என்ற புனைபெயர். 1957-58இல் விகடனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ எழுதியவர். அந்த நாவலைப் படித்தவர்களிலும் 1968இல் படத்தைப் பார்த்தவர்களிலும் எத்தனை பேருக்கு இந்தக் கலைமணியும் ரேஷன் பாட்டுக்காரரும் ஒருவர் என்று தெரியும்? இலக்கியக்காரர்களுக்கு அவர் வாசனின் ஆள். 1971இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அது எதற்கு என்று கேட்டால் மூன்று பேர் மூன்று காரணம் சொல்வார்கள்; பாட்டு என்று சொல்பவர் அவர்களில் இருக்கமாட்டார். ஜோர்டனின் பெயர் மனைவி பெயருக்குப் பின்னால் மறைந்தது போல், இவர் தன் வேறு வேறு பெயர்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

நம் குற்றம் இதில் தனி. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கியபோது நம்மவர்களுக்கு எதிரில் நின்ற மலை விகடன். அந்த மலையோடு மோதியதற்கு நியாயம் இருந்தது. ஆனால் சண்டைக்காகக் காதைப் பொத்திக்கொண்டது பழக்கமாகிவிட்டது. பாட்டு என்றாலே சந்தம், சந்தம் என்றாலே பழசு, சினிமா என்றால் கேட்கவே வேண்டாம் என்று ஒரு சூத்திரம் உருவாயிற்று. பேச்சுத் தமிழைக் கவிதைக்குள் கொண்டுவந்தது புதுக்கவிதை என்று பெருமை பேசினோம். சுப்புவின் பாட்டில் மயிலாப்பூர்ப் பேச்சு பன்னிரண்டு வருஷம் முன்பே தாளத்தோடு நடந்து போயிருக்கிறது. ஞானக்கூத்தன் யாப்பை விடாமல் கேலியும் பேச்சும் சேர்த்து எழுதியபோது நாம் அதிசயித்தோம், அதிசயிக்கத் தக்கதுதான். ஆனால் தமிழ்க் காது அதற்கு ஏற்கெனவே கொஞ்சம் பழகியிருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. பழக்கியவர்களில் சுப்பு ஒருவர்.

விதிவிலக்காக ஒருவரைச் சொல்லவேண்டும். ஜெமினியில் 1950களிலும் 60களிலும் வேலை பார்த்த அசோகமித்திரன், பின்னர் அந்த நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியபோது சுப்புவுக்கு நியாயம் செய்தார். சினிமாவில் கிடைத்த வெற்றி அவருடைய இலக்கியத்தை மறைத்துவிட்டது என்றும், அவர் தன் கவிதையைப் பெருங்கூட்டத்துக்காக எழுதத் தெரிந்தே தீர்மானித்தவர் என்றும் அவர் கருதினார். அந்தப் பகுதி மத்தியப் பாடத்திட்டத்துப் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் பாடமாயிற்று. ஆக, வடக்கே எங்கோ ஒரு பையன் சுப்புவின் குணாதிசயத்தைப் பற்றி ஐந்து மார்க் பதில் எழுதியிருக்கிறான். காரைக்குடியில் தமிழ் எம்.ஏ. படிக்கிறவனுக்கு அவருடைய ஒரு பாட்டும் பாடமாக இல்லாமலே படிப்பு முடிந்துவிட முடியும்.

இவ்வளவு சொன்னபின் குறைகளையும் சொல்லாவிட்டால் இது நினைவு மலர்க் கட்டுரை ஆகிவிடும்.

சுப்புவின் கேலி ஒரு எல்லையில் நின்றுவிடுகிறது. சர்க்கரை இல்லை என்கிறது. யாரிடம் இருக்கிறது என்று கேட்பதில்லை. வரிசையைக் காட்டுகிறது; வரிசையில் நிற்கக்கூட அட்டை இல்லாதவனைக் காட்டுவதில்லை. காப்பிக்குச் சர்க்கரை இல்லாதது மயிலாப்பூரின் கஷ்டம். அதே வருஷங்களில் மலபாரிலும் தஞ்சாவூரிலும் குடியானவனுக்கு இருந்த கஷ்டம் காப்பி சம்பந்தப்பட்டதல்ல. அவர் முதலாளி வாசன். வாசனுக்கு உவப்பில்லாத இடத்துக்கு அந்தப் பாட்டு போயிருக்க முடியாது. விசுவாசமான ஊழியர் என்பதும் கூர்மையான கேலிக்காரர் என்பதும் ஒரே உடம்பில் இருந்தால் எது எதைத் தின்னும் என்பது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. பிற்காலத்தில் அவருடைய எழுத்தில் விவரம் குறைந்து நெகிழ்ச்சி கூடுகிறது. ‘ராவ் பகதூர் சிங்கார’த்தில் இதைப் பார்க்கலாம்.

ஜோர்டன் மேலும் இதே குற்றச்சாட்டு உண்டு: வெள்ளைக்காரன் சிரிப்பதற்கு இடம் கொடுத்தார் என்று. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் போலீஸ் வேனில் ஏற்றப்பட்டவன் அதைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கும்போது, சொன்னதன் மூலம் அந்த வேன் சாட்சியத்தில் ஏறிவிடுகிறது. சுப்புவின் விறகும் சர்க்கரையும் அப்படித்தான். காரணம் சொல்லாத சாட்சியும் சாட்சிதான். காரணத்தைப் பிறகு நாம் சேர்த்துக்கொள்ளலாம். சாட்சி இல்லாவிட்டால் எதோடு சேர்ப்பது?

‘மிஸ் மாலினி’ தோற்றதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எனக்குப் படுகிற ஒன்றைச் சொல்கிறேன். கொடி ஏற்றி ஆறே வாரமான சமயத்தில், வீட்டில் இருக்கிற தட்டுப்பாட்டைத் தியேட்டரிலும் காட்டினால் யார் வருவார்கள்? ஜனங்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அந்த வருஷம் ‘நாம் இருவர்’ வேண்டியிருந்தது. ஆனால் எழுபத்தைந்து வருஷம் கழித்தும் அதே விருப்பத்தோடு சரித்திரத்தைப் படிக்கவேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

செய்யக்கூடிய காரியம் சின்னது. 1943 முதல் 1952 வரை வந்த தமிழ்ப் படங்களின் பாட்டுப் புத்தகங்கள் இன்னும் சிலர் வீடுகளில் இருக்கின்றன. தியேட்டர் வாசலில் ஓரிரண்டு அணாவுக்கு விற்ற மட்டக் காகிதப் புத்தகங்கள், தொட்டால் உதிர்கின்றன. தட்டின் முகச்சீட்டில் பெரும்பாலும் பாடினவர் பெயரும் படத்தின் பெயரும்தான் இருக்கும். எழுதியவர் பெயருக்கு இந்தப் புத்தகங்களைத்தான் பார்க்கவேண்டும். அவற்றிலிருந்து அரிசி, விறகு, மண்ணெண்ணெய், துணி, கள்ள மார்க்கெட் என்று வருகிற பாட்டுகளைப் பொறுக்கி எடுத்து, எழுதியவர் பெயரோடு, கிடைக்கிற ஒலிப்பதிவோடு ஒரு தொகுதி போட்டால், அந்த ஒன்பது வருஷங்களின் கவிதைத் தொகுதி அதுவாகத்தான் இருக்கும். அதில் சுப்புவின் பாட்டுகள் முன்வரிசையில் நிற்கும் என்பது என் நம்பிக்கை.

போன வாரம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். ஒரு பெட்டி நல்ல நிலையில் இருந்தது. சாவி கொடுத்தால் சுற்றுகிறது. ஊசி இருக்கிறதா என்று கேட்டேன். பாட்டுக் கேட்கிறதுக்கா என்று கடைக்காரர் ஆச்சரியப்பட்டார். ஊசி இல்லை.